காகிதம் குறைந்ததா, கை மாறியதா?

வாசகர் கேள்வி – பதில்

"பள்ளிக்கூடத்தில் காகிதத்தைக் குறைக்கக் கணினியும் போனும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? கேள்விகளை அனுப்புங்கள்" என்று சென்ற இதழில் சின்னதாக ஒரு பெட்டி போட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் தபாலில்தான் வந்தன, அதுவும் பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளில். சிரித்துக்கொண்டே பிரித்தேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு முப்பது வருஷம் கணக்கு எடுத்தவன் நான். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மை ஒட்டிய கையோடு வகுப்புக்குப் போன காலத்திலிருந்து பார்த்து வருகிறேன் என்பதைத் தவிர இந்தப் பகுதியை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். "நம்ம பள்ளி காகிதமில்லாப் பள்ளி ஆயிடுச்சு" என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் தினமும் வாட்ஸ்அப்பில் நாலு பி.டி.எஃப் வருகிறது, "நாளைக்குள் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டவும்" என்று. ராத்திரி எட்டு மணிக்கு ஜெராக்ஸ் கடையில் நிற்பது நான்தான். இது என்ன கணக்கு?
— ஒரு தாய், புதுவயல்

உங்கள் கணக்கு சரிதான் அம்மா, பள்ளியின் கணக்கில்தான் கோளாறு. காகிதம் குறையவில்லை, காசு கொடுக்கிறவர் மாறிவிட்டார், அவ்வளவுதான். பள்ளியில் மொத்தமாக ஓட்டினால் ஆகும் செலவைவிடக் கடையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுப்பதற்கு அதிகம் ஆகும். கூடவே, பள்ளியில் பின்னும் முன்னும் அடித்த தாள் கடையில் ஒரு பக்கத் தாளாகிவிடும். ஆக, மொத்தமாகப் பார்த்தால் காகிதம் கூடியிருக்கிறது.

இந்தத் தப்பை நிறையப் பள்ளிகள் செய்கின்றன, கெட்ட எண்ணத்தில் இல்லை. தாளில் இருந்ததை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினால் டிஜிட்டல் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுப்பும் முன்பு ஆசிரியர் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைப் பிள்ளை என்ன செய்யப் போகிறாள்? வாசிக்கப் போகிறாள் என்றால் பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னாலே பெரும்பாலும் போதும், இல்லாததை மட்டும் வகுப்புத் திரையில் காட்டலாம். விடை எழுதப் போகிறாள் என்றால் கேள்வி திரையிலோ கரும்பலகையிலோ இருக்கட்டும், அவள் நோட்டில் கேள்வி எண்ணைப் போட்டு விடையை மட்டும் எழுதட்டும். கோடிட்ட இடத்தை நிரப்ப அந்தக் கோடே தாளில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெறும் அறிவிப்பு என்றால், பள்ளி முத்திரையோடு முழுப்பக்கக் கடிதம் எதற்கு? "வியாழன் விடுமுறை, வெள்ளி அறிவியல் தேர்வு" என்று இரண்டு வரி தட்டினால் முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் கோபப்படாமல் ஒன்று செய்யுங்கள். ஒரு மாதத்தில் எடுத்த பிரிண்ட்களைக் கட்டி, கடை பில்லோடு மேசையில் வையுங்கள். "பள்ளி மிச்சம் பிடித்த காகிதம் இங்கே இருக்கிறது" என்று சொன்னால் போதும்.

*

நான் கணித ஆசிரியை. ஐந்து பிரிவு, பிரிவுக்கு 40 பேர், வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். ஆளுக்கு ஒரு கேள்வித்தாள், ஒரு விடைத்தாள். வீட்டில் விடைத்தாள் கட்டு வைக்க இடமில்லை. பிள்ளைகள் போன் கொண்டு வர அனுமதி இல்லை. என்னிடம் இருப்பது ஒரு போன், வகுப்பில் ஒரு புரொஜக்டர். வழி உண்டா?
— ஓர் ஆசிரியை, தேவகோட்டை

உண்டு டீச்சர், ஆனால் முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், நமக்கு அதுதானே தொழில். 200 பேர், ஆளுக்கு 2 தாள், வருஷத்துக்கு 30 வாரம் என்று வைத்தால் 12,000 தாள். ரீமுக்கு 500 என்றால் 24 ரீம். எடை? ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு தடவை பாதியாக மடித்தால் ஏ4, அதாவது 16 ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் என்று ரீம் மேல் போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டர் 80 கிராம், ஆகவே ஒரு தாள் 5 கிராம். 12,000 தாள் 60 கிலோ. உங்கள் ஒருவருடைய ஸ்லிப் டெஸ்ட் மட்டும்! (ஏ4 தாளின் நீள அகல விகிதம் ஏன் ரூட் 2 என்பதை முறுடுகள் (சர்ட்ஸ்) பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளிடமே கேளுங்கள். எத்தனை தடவை மடித்தாலும் வடிவம் மாறாததைக் கையில் பார்க்கும்போது ஒரு சத்தம் எழும், அதற்காகவே நான் வருஷா வருஷம் கேட்பேன்.)

சரி, வழிக்கு வருவோம். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. பிள்ளைகளிடம் போன் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் போன் ஒன்று போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த ஓர் அட்டை. அட்டைக்கு நாலு பக்கம், நாலு விடை. 'ஆ' சரி என்று நினைத்தால் அந்தப் பக்கம் மேலே வரும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை இடமிருந்து வலமாக வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, பெரிய தொகுப்பில் 63. அட்டை எண்ணை வரிசை எண்ணோடு பொருத்திவிட்டால் அதே 40 அட்டை ஐந்து பிரிவுக்கும் சுற்றி வரும்.

நான் பட்டதைச் சொல்கிறேன்: அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபளவென்று லேமினேட் செய்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு அட்டை கண்ணாடி மாதிரி மின்ன, கேமராவுக்குப் பாதிப் பேர் தெரியவே இல்லை. மங்கலான லேமினேஷன் போடுங்கள், இல்லையென்றால் கெட்டி அட்டையில் ஒட்டினாலே ஒரு வருஷம் தாங்கும்.

குறையும் சொல்ல வேண்டும். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளை எந்தப் படியில் வழுக்கினாள் என்பது தெரியாது. இருபடிச் சமன்பாட்டில் குறி மாற்றிப் போட்டாளா, காரணிப்படுத்தவே தெரியவில்லையா? இரண்டுக்கும் விடை ஒன்றுபோலவே தப்பும். அதனால் மூன்று வாரம் அட்டை, நாலாவது வாரம் எழுத்துத் தேர்வு என்று வையுங்கள். அந்த எழுத்துத் தேர்விலும் கேள்வி திரையில் இருக்கட்டும், தாள் விடைக்கு மட்டும். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 12,000 தாள் 1,500 ஆகிறது. 24 ரீம் 3 ரீமாக இறங்கிவிட்டது. திருத்த வேண்டிய கட்டும் நாலில் ஒன்று, அதையும் நிதானமாகத் திருத்தலாம்.

உங்கள் பள்ளியில் கணினி ஆய்வகம் இருந்தால் கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினா வைக்கலாம், மதிப்பெண் தானாக வந்துவிடும். ஆனால் பின்னமும் வர்க்கமூலமும் அதில் ஒழுங்காகத் தட்ட வராது, கேள்வியைப் படமாக எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

*

கூகுள் கிளாஸ்ரூம் வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா சார்?
— சாக்கோட்டை

வீட்டுப்பாடத்தை இணையத்திலேயே கொடுத்து வாங்கும் தளம் அது. வீட்டுக்கு வீடு பிள்ளைக்கென்று ஒரு கருவி இருந்தால் நல்லது. நம் பக்கத்தில் பல வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் பகலில் அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போயிருக்கும்.

*

பத்தாவது படிக்கிறேன். கையால் எழுதுவதைவிட மூன்று மடங்கு வேகமாக டைப் செய்வேன். தமிழிலும்தான். இன்னும் எதற்கு நோட்டு நோட்டாக எழுதச் சொல்கிறார்கள்?
— கோட்டையூர்

தம்பி, உன் வேகம் நல்ல விஷயம், விட்டுவிடாதே. ஆனால் பொதுத்தேர்வில் ஐந்து பாடத்தையும் பேனாவால்தான் எழுதப் போகிறாய், மூன்று மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் எழுதிப் பழகாத விரல் இரண்டாவது மணியிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும், கையெழுத்து அங்கேயே சாயும். கணக்கில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் 8 கூட்டல் 8, ஆக 16 மதிப்பெண். காம்பஸும் அளவுகோலும் இல்லாமல் அது வராது. வட்டத்துக்குத் தொடுகோடு எப்படி விழுகிறது என்று ஜியோஜீப்ரா என்ற வடிவியல் செயலியில் புள்ளியை இழுத்து இழுத்துப் பார், அதைவிட அழகாக எந்த வாத்தியாரும் கரும்பலகையில் காட்ட முடியாது, நானும் சேர்த்துத்தான். பார்த்துவிட்டு நோட்டில் வரை.

குறைக்க வேண்டியது வேறு. ஒரே கேள்விக்கான பதிலைப் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதச் சொல்கிறார்களே, அது எனக்கும் பிடிக்காது. இந்த வரியை உன் சாரிடம் காட்டலாம், நான் சொன்னேன் என்று சொல்.

*

வகுப்பு மதிப்பெண்கள், வருகை எல்லாவற்றையும் எக்செலுக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் மார்க் ரிஜிஸ்டரே வேண்டாம்தானே?
— வகுப்பாசிரியர், குன்றக்குடி

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு அரையாண்டு மதிப்பெண் முழுவதையும் ஒரே பென்டிரைவில் வைத்திருந்தேன். அது சட்டைப்பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வந்தது. வீட்டுக்காரி மேல் தப்பில்லை, பையைத் தடவிப் பார்க்காமல் சட்டையைப் போட்டவன் நான். பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்த விடைத்தாள்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, "சார் தொலைச்சுட்டேன்" என்றவர்களிடம் கெஞ்சி, அந்த ஜனவரி மாதம் போனது போதும்.

நம் ஊர் ஆட்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போன நாளில் கடைக் கணக்கை அங்கேயே பூட்டி வைத்துவிடவில்லை. பெட்டியடியில் எழுதியது ஒன்று, ஊருக்கு அனுப்பியது ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கும். பழைய வீட்டு மேல்மாடி அலமாரிகளில் பேரேடும் ஐந்தொகையும் (வரவு செலவுக் கணக்குப் புத்தகங்கள்) கட்டுக் கட்டாகக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே புத்திதான் இப்போதும் வேண்டும். கணினியில் ஒன்று, கூகுள் டிரைவிலோ வேறு எங்காவதோ ஒன்று, பருவம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை அச்சடித்துத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒன்று. வருஷம் முழுக்க அடித்து அடித்து எழுதிய பெரிய ரிஜிஸ்டருக்குப் பதில் மூன்று நாலு தாள். அப்புறம், துறை கேட்கும் பதிவேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தணிக்கைக்கு வருகிறவருக்கு உங்கள் எக்செல் அழகு கண்ணில் படாது.

*

கேள்வித்தாளை மெயிலில் அனுப்பினால் வாங்கியவர் போனில் கோழி கிளறினமாதிரி வருகிறது. கடைசியில் அச்சடித்துத்தான் கொடுத்தனுப்புகிறோம். இன்னொன்று: பாடத்துக்கு வெளியே கம்பன் பாட்டு நாலு கொடுக்க ஆசைப்பட்டால் அதற்கும் ஜெராக்ஸ்தான்.
— தமிழாசிரியர், திருப்பத்தூர்

அய்யா, இது காகிதப் பிரச்சினை மாதிரித் தெரியும், உண்மையில் எழுத்துருப் பிரச்சினை. என் அனுபவத்தில் தமிழ்ப் பள்ளிகளில் வீணாகும் தாளில் பெரிய பங்கு இதனால்தான், யாரும் பேசுவதில்லை. நீங்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்கிறீர்கள். கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை. 'தமிழ்' என்று உங்கள் திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருப்பதால் அது தமிழ் வேஷம் போடுகிறது, இல்லாத போனில் வேஷம் கலைந்துவிடுகிறது. அதற்குப் பயந்து எல்லாரும் அச்சடிக்கிறார்கள், அச்சடித்ததை மறுபடி படமெடுத்து அனுப்புகிறார்கள், படம் தெளிவில்லை என்று அவர்கள் மறுபடி அச்சடிக்கிறார்கள்!

ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசே 2010-ல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். பத்து நாள் தடுமாறுவீர்கள், பதினோராவது நாள் பழசை மறந்துவிடுவீர்கள். பழைய கேள்வித்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றியபின் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறும். இதில் இன்னொரு லாபம், தேட முடியும். நாலு வருஷக் கேள்வித்தாளில் 'வஞ்சப்புகழ்ச்சி' எத்தனை தடவை வந்தது என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

கம்பனுக்கு வருவோம். 1939-லிருந்து கம்பன் விழா எடுக்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கம்பனை ஜெராக்ஸ் எடுக்கலாமா? தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கம்பராமாயணம் உரையோடு இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட்டைத் திரையில் போடுங்கள், சீர் பிரித்து வாய்விட்டு வாசிக்க வையுங்கள், பிடித்தவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தானே கையால் எழுதிய பாட்டு மனசில் நிற்கும், ஜெராக்ஸ் தாள் பைக்குள் கசங்கும்.

*

முன்பெல்லாம் ரேங்க் கார்டு பிள்ளை கையில் வரும். இப்போது காகிதத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேர் மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் போடுகிறார்கள். என் மகன் கடைசியிலிருந்து மூன்றாவது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவன் இரண்டு நாள் பள்ளிக்கே போகவில்லை.
— பள்ளத்தூர்

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இது காகிதச் சிக்கனம் இல்லை, சோம்பேறித்தனம். பழைய ரேங்க் கார்டில் ஒரு மரியாதை இருந்தது. அது பிள்ளைக்கும் பெற்றவருக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். காகிதத்தை எடுத்தபோது அந்த மரியாதையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், குழுவில் எழுத வேண்டாம், அங்கே எழுதினால் உங்கள் மகன் பெயர் இன்னொரு தடவை அடிபடும். தனித்தனியாக அனுப்புவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, எக்செல் பட்டியலிலிருந்து ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை மட்டும் மெயில் மெர்ஜில் எடுத்து அனுப்பலாம். அதுவும் முடியாதென்றால் பழையபடி கார்டே கொடுக்கட்டும். 40 பிள்ளைக்கு 40 அட்டை, 200 கிராமோ என்னவோ, அந்தக் காகிதம் செலவாகட்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே வைத்து அவர்கள் விவரங்களுக்குத் தனிக் கவனம் கேட்கிறது என்பதையும் நிர்வாகத்தின் காதில் போட்டுவையுங்கள். மகனை முதலில் கூட்டிப் பேசுங்கள். பட்டியலைப் பற்றிப் பேச வேண்டாம், எந்தப் பாடம் புரியவில்லை என்று மட்டும்.

*

காகிதம் மரம், மரத்தைக் காப்போம் என்கிறார்கள். போனும் கணினியும் மட்டும் வானத்திலிருந்தா விழுகின்றன? மின்சாரம், பேட்டரி, குப்பை எல்லாம் யார் கணக்கில்?
— காரைக்குடி, செக்காலை

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம், நம் சிக்ரி, இருக்கும் ஊர்க்காரருக்கு பேட்டரி பற்றி நான் சொல்லித்தர என்ன இருக்கிறது.

எல்லாக் காகிதமும் மரம் இல்லை. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் அரசு காகித ஆலைக்குக் கரும்புச் சக்கை முக்கியமான மூலப்பொருள். ஆனால் மரக்கூழும் காகிதத்துக்குப் போகிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது வரிசை வரிசையாகத் தைலமரம் நிற்கிறதே, அது நிழலுக்கு நட்டதில்லை. கண்மாயை நம்பி வாழும் ஊரில் அந்த மரம் நிலத்தடி நீரை என்ன செய்கிறது என்று சம்சாரிகளைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆகவே காகிதத்தைக் குறைப்பது நமக்கு எங்கேயோ இருக்கும் காட்டின் கதை இல்லை.

ஆனாலும் உங்கள் கேள்வி நிற்கிறது. என் கட்சி இதுதான்: இருக்கிற கருவியைப் பயன்படுத்திக் காகிதத்தைக் குறைத்தால் லாபம், காகிதத்தைக் குறைப்பதற்கென்றே கருவி வாங்கினால் நஷ்டம். தேவகோட்டை டீச்சரின் கணக்கைப் பாருங்கள், ஸ்லிப் டெஸ்ட்டில் வருஷத்துக்கு 60 கிலோ காகிதம். அதை மிச்சம் பிடிக்க வகுப்புக்கு 40 டேப்லெட் வாங்குகிறேன் என்று ஒரு நிர்வாகம் கிளம்பினால், அந்த நாற்பதும் நாலைந்து வருஷத்தில் பேட்டரி உப்பி ஸ்டோர் ரூமில் கிடக்கும். அந்தக் குப்பையை மண் தின்னாது. காகிதமாவது பழைய பேப்பர் கடைக்குப் போகும், பொட்டலம் மடிக்கவாவது ஆகும். அந்த டீச்சரிடம் ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறது, வகுப்பில் ஏற்கெனவே ஒரு புரொஜக்டர் இருக்கிறது. அதனால்தான் அவருக்குச் சரி என்றேன்.

*

அறிவியல் ரெக்கார்டு நோட்டை டிஜிட்டல் ஆக்கலாமா?
— கானாடுகாத்தான்

வேண்டாம். பூவின் குறுக்குவெட்டை வரைந்த கைக்குத்தான் அது மறக்காது. செய்முறைக்கு முந்தின நாள் ஃபெட் (PhET) என்ற அறிவியல் இணையதளத்தின் மாதிரிகளில் மின்சுற்றையும் லென்ஸையும் திரையில் ஓட்டிக் காட்டுங்கள், மறுநாள் ஆய்வகத்தில் தப்பு குறையும். தப்பு குறைந்தால் கிழித்துப் போடும் ரெக்கார்டுத் தாளும் குறையும்.

*

எங்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், நாடக நோட்டீஸ், குழுப் படங்கள் எல்லாம் ஓர் அறை நிறையக் கிடக்கின்றன. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு. சரியா?
— முன்னாள் மாணவர், கண்டனூர்

ஸ்கேன் செய்யுங்கள், எடைக்கு மட்டும் போடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை என்பதோடு நிற்காமல், மற்றவர்கள் குப்பை என்று எறிந்த நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, ஆனால் கடல் கடத்தவில்லை. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே மைக்ரோபிலிமில் பதிவு செய்தார்கள், பிறகு டிஜிட்டலும் வந்தது. ஆனால் படம் எடுத்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப் போடவில்லை, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

நான் மேலே அத்தனை பேரிடமும் குறைக்கச் சொன்னது யாரும் இரண்டாவது தடவை கையில் எடுக்காத காகிதத்தை. உங்கள் அறையில் இருப்பது அந்தச் சாதியே இல்லை. ஸ்கேன் தெளிவு குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), படங்களுக்கு 600. கோப்புப் பெயரிலேயே வருஷமும் பக்க எண்ணும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே தேட முடியாது. குழுப் படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் அங்கேதான் எழுதியிருக்கும். முடிந்ததும் வேப்பிலையோ வசம்போ போட்டுக் கரையான் ஏறாத அலமாரியில் வையுங்கள்.

*

பேரன் பத்தாம் வகுப்பு. எப்போது பார்த்தாலும் போன். கேட்டால் "பாடமே இதுலதான் ஆச்சி இருக்கு" என்கிறான். நிஜமா பொய்யா, எனக்கு எப்படித் தெரியும்?
— ஓர் ஆச்சி, ஆத்தங்குடி

பாதி நிஜம் ஆச்சி. அவன் பாடப்புத்தகத்தில் அங்கங்கே கறுப்புக் கட்டம் அச்சடித்திருக்கும், உங்கள் வீட்டுத் தரையில் பதித்த பூக்கல்லைச் சின்னதாக்கின மாதிரி. போனை அதன் மேல் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் விட்ட மணற்கேணி என்ற செயலியிலும் பாடங்கள் உண்டு. ஆகவே போனில் பாடம் இருக்கிறது என்பது உண்மைதான்.

இன்று சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். திட்ட வேண்டாம். "அந்தக் கட்டத்தை எனக்கும் காட்டுடா" என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, காட்டிவிட்டான் என்றால் விட்டுவிடலாம். புத்தகப் பையை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தான் என்றால், ஆச்சி, நீங்கள் நினைத்ததுதான்.